1202! சந்திரனுக்கு அருகில் அலறிய கம்ப்யூட்டர்

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி.

அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஆர்ம்ஸ்டிராங், ஆல்டிரின் இருவரும் "ஈகிள்" என்ற ஓடத்தில் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டு இருந்தார்கள். தரைக்கு இன்னும் 10 கிலோ மீட்டர்.

திடீர் என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் ஓர் எண் தெரிந்தது: 1202.

அது என்ன எண்? இறங்குவதா, திரும்புவதா? வீரர்களுக்குத் தெரியவில்லை. பூமியில், ஹூஸ்டன் நகரில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்திடம் ஆர்ம்ஸ்டிராங் அவசரமாக விளக்கம் கேட்டார்.

துடிப்பை எண்ணும் எந்திரம்

அந்தக் கம்ப்யூட்டரின் எடை சுமார் 32 கிலோ. மின்துடிப்புகளை எண்ணுவது அதன் வேலைகளில் ஒன்று. மின்துடிப்பு என்பது கண் இமைக்கும் முன் வந்து மறையும் மின்சாரம். கதவை "டக், டக்" என்று தட்டுவது போல! எத்தனை முறை தட்டியது என்று எண்ணினால் செய்தி கிடைத்துவிடும்.

ஓடத்தின் வேகம் விநாடிக்கு 1 சென்டி மீட்டர் மாறினால், ஒரு துடிப்பு வரும். 100 துடிப்பு வந்தால், விநாடிக்கு 1 மீட்டர் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரும் பதிலுக்குத் துடிப்புகளை உண்டாக்கி அனுப்பும். அதற்கு ஏற்ப என்ஜினின் விசை கூடும், குறையும்.

பொய்த் துடிப்புகள்

ஒரு துடிப்பை எண்ண ஆகும் நேரம் மிகக் குறைவு. ஒரு விநாடியைச் சுமார் 85 ஆயிரம் பங்கு ஆக்கினால், அதில் ஒரு பங்கு! ஆனால் அந்த நேரத்தில் மற்ற வேலை நின்றுவிடும்.

அன்று வேண்டாத துடிப்புகள் வெள்ளம் போல வந்தன. எங்கிருந்து?

தாய்க் கப்பலைக் கண்டுபிடிக்கும் ரேடார் ஒன்று ஓடத்தில் இருந்தது. இறங்கும்போது அது தேவை இல்லை. ஆனாலும் அவசரத்துக்கு உதவும் என்று இயக்கி வைத்து இருந்தார்கள். ரேடாரின் கோணத்தை அளக்கும் சாதனத்துக்கு இரண்டு இடங்களில் இருந்து மின்சாரம் வந்தது. இரண்டிலும் விநாடிக்கு 800 அலைகள். ஆனால் அவை சேர்ந்து எழவில்லை. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல, வேகம் ஒன்று, நேரம் வேறு!

சாதனம் குழம்பியது. பொய்த் துடிப்புகளை அனுப்பியது. விநாடிக்கு 12,800 வரை! அவற்றை எண்ணுவதிலேயே கம்ப்யூட்டரின் நேரத்தில் ஏறத்தாழ 7-ல் ஒரு பங்கு போயிற்று.

இறங்கும் கணக்கை 2 விநாடிக்கு ஒரு முறை புதிதாகப் போட வேண்டும். நேரம் போதவில்லை. பழைய கணக்கு முடியும் முன்பே புதுக் கணக்கு வந்து நின்றது. குறித்து வைக்க இடம் இல்லை! அதைத்தான் "1202" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அலறியது.

கையால் எழுதிய பட்டியல்

ஹூஸ்டனில் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞர். சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையிலும் இதே போன்ற அபாய எண் வந்தது. அப்போது, பயணத்தைக் கைவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அது தவறு என்று பிறகு தெரிந்தது. எனவே எல்லா அபாய எண்களையும் ஆராயும்படி தலைமை அதிகாரி ஜீன் கிரான்ஸ் உத்தரவிட்டார். ஜாக் கார்மன் என்ற 24 வயது என்ஜினீயர், அவற்றைக் கையால் பட்டியல் எழுதி மேஜையில் வைத்து இருந்தார்.

கார்மன் பட்டியலைப் பார்த்தார். அபாய எண் இடைவிடாமல் வராதவரை ஆபத்து இல்லை என்று கூறினார். இறங்கலாம் என்று பேல்ஸ் முடிவு சொன்னார்!

பொங்கும் பால்

அபாய எண் மேலும் சில தடவை வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் படுத்துவிடவில்லை. எது முக்கியம், எது அப்புறம் என்று விஞ்ஞானிகள் முன்பே அதற்கு வரிசை கொடுத்து இருந்தார்கள். இந்த முறையை வகுத்தவர் ஹால் லேனிங். கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை எழுதிய குழுவில் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி முக்கிய பங்கு கொண்டார்.

அடுப்பில் பால் பொங்கினால் தாய் என்ன செய்வாள்? கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு, பாலைத்தானே முதலில் இறக்குவாள்! கம்ப்யூட்டரும் அப்படியே செய்தது. என்ஜினை இயக்குவதையும், ஓடம் சாயாமல் பிடிப்பதையும் விடவில்லை. சில விவரங்களை எழுதிக் காட்டும் வேலையை உதறிவிட்டது.

கடைசியில், பாறைகள் நிறைந்த இடத்தைத் தாண்டி, ஆர்ம்ஸ்டிராங் தம் கையால் ஓடத்தைச் செலுத்தி இறக்கினார். அப்போதும் அவருடைய கட்டளையை என்ஜினுக்குக் கொண்டுபோனது, அலறிய அதே கம்ப்யூட்டர்தான்!