தமிழில் விதி சொன்னவர்

நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறும் பஸ்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் போகும். அந்த ஊரில், அறுவடை முடிந்த காட்டில் சடுகுடு ஆடி வளர்ந்தவன் நான். கோச் என்று யாரும் கிடையாது. எங்களிடம் இருந்ததெல்லாம் அட்டை போன ஒரு புத்தகம்.

ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். பாடி வந்தவன் எங்கள் ஆளைத் தொட்டான். எங்கள் ஆள் அவன் இடுப்பைப் பிடிக்க, இருவரும் களத்தின் ஓரப்பட்டையான லாபிக்குள் உருண்டார்கள். அங்கிருந்தே அவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். வெளியே போனவன் அவுட் என்று நாங்கள். இல்லவே இல்லை என்று அவர்கள். கைகலப்பு ஆகும் நேரத்தில் எங்கள் அணியின் மூத்த அண்ணன் புத்தகத்தை எடுத்து வரச்சொன்னார். சுண்ணாம்பு படிந்த விரலை வரிக்குக் கீழே ஓட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். ஆளைத் தொட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டால் லாபியும் களத்தில் சேர்த்தி. பாயிண்ட் அவர்களுக்குப் போனது. முணுமுணுப்போடு ஆட்டம் தொடர்ந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் டாக்டர் எஸ். நவராஜ் செல்லையா. 1937இல் பிறந்தவர், 2001இல் மறைந்தார். உடற்கல்வித் துறைக்காரர். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். ‘விளையாட்டுக் களஞ்சியம்’ என்ற இதழையும் நடத்தினார். ஔவையின் வழியில் ‘விளையாட்டு ஆத்திசூடி’, பாரதியைத் துணைக்கழைத்து ‘பாரதி போற்றிய உடற்பயிற்சிகள்’, திருக்குறளுக்கு ஒரு புதிய உரை என்று அவர் போகாத பக்கம் இல்லை. ஆனாலும் என் மனம் ஒட்டியது அவருடைய விதி நூல்களிலும், விளையாட்டுத் துறைக்காக அவர் தொகுத்த கலைச்சொல் அகராதியிலும்தான். ஆங்கிலம் தெரியாத பையனும் நடுவராக நிற்கலாம் என்ற தைரியத்தை அவைதான் கொடுத்தன. நட்சத்திர வீரர்களின் கதையை எழுதப் பலர் உண்டு. கோடு எங்கே போடுவது, எப்போது விசில் ஊதுவது என்று இத்தனை பொறுமையாகத் தமிழில் எழுதியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்க ஆட்டமாகி, இந்தியா தங்கம் வென்ற செய்தி வந்தபோது, அந்த ஆட்டத்தின் விதி எங்களுக்குப் பாடமாகியிருந்தது.

அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பலவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். சில அளவுகளும் விதிகளும் இன்று மாறிவிட்டன; அன்று 12.5 மீட்டராக இருந்த ஆண்கள் கபடிக் களத்தின் நீளம் இப்போது 13 மீட்டர். அவற்றைப் பேனாவால் திருத்திக்கொண்டால் போதும். மலையிலும் அடிவாரத்திலும் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பந்தும் வலையும் பூட்டி வைத்திருக்கும் அந்த அறையில், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி அவருடைய புத்தகம் ஒன்றையும் வையுங்கள்.