மாம்பழத் தோலும் கறவைப் பசுக்களும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் கோடையில் வேலை தொடங்கியதும் தோலும் கொட்டையும் மலைபோற் குவிவதை யாவரும் அறிவர். பசும்புல் அருகியிருக்கும் அக்காலத்தில் முறையாகக் கொடுப்பின் தோல் கறவைப் பசுக்களுக்கு நல்ல தீவனமாகும். அளவறியாது கொடுப்பின் அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

தோலின் தன்மை: பச்சைத் தோலில் முக்கால் பங்கு நீரே. எஞ்சியதில் சர்க்கரை மிகுதி, புரதம் சொற்பம். ஆகவே தோலை மட்டும் தின்னும் பசுவின் பால் பெருகாது. வைக்கோலும், கடலைப் பிண்ணாக்கு போன்ற புரதத் தீவனமும், தாது உப்பும் உடன் கொடுத்தல் அவசியம்.

கொடுக்கும் முறை: ஆலையிலிருந்து அன்று வந்த தோலையே இடுக. பூஞ்சணம் பிடித்ததை எருக்குழியிற் சேர்க்க. முதல் நாள் 2 கிலோவுக்கு மேற்படாமல் வைக்கோலுடன் கலந்து கொடுத்து, பத்து நாட்களிற் படிப்படியாக 10 கிலோ வரை உயர்த்தலாம். ஒரே வேளையில் இடாது, காலையும் மாலையும் பகிர்ந்து இடுதல் நலம்.

குழியிற் சேமித்தல்: ஒரு நாளிற் செலவாகாத தோலை, 100 கிலோவுக்கு 20 முதல் 25 கிலோ வரை நறுக்கிய வைக்கோல் கலந்து, குழியிலிட்டு, காற்றுப் புகாதபடி நன்கு மிதித்து மூடுக. 45 நாட்களுக்குப் பின் எடுத்து உபயோகிக்கலாம். இனிய புளிப்பு மணமே நற்பதத்திற்கு அடையாளம்.

கொட்டை: முழுக் கொட்டையை மாடு விழுங்கின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஆகையால் தோலிலிருந்து கொட்டைகளை ஒன்றும் விடாது பொறுக்கி நீக்குக. உள்ளிருக்கும் பருப்பில் மாவுச்சத்து உண்டு, துவர்ப்பும் உண்டு. அதனை உலர்த்திப் பொடித்து, கலப்புத் தீவனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்படாமற் சேர்க்கலாம்.

ஆபத்து: கட்டவிழ்ந்த மாடு தோற்குவியலிற் புகுந்து வயிறு நிரம்பத் தின்றால், சர்க்கரை வெகு சீக்கிரம் புளித்து, இரைப்பையில் அமிலம் மிகும். அசை போடாமை, வயிற்றுப் பொருமல், புளித்த நாற்றத்துடன் கழிச்சல், எழமாட்டாமற் படுத்தல் ஆகியவை அதன் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் தீவனத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மறுநாள் வரை காத்திருத்தல் மாட்டை இழப்பதற்கு ஒப்பாகும்.

கிராம அதிகாரிகள் தோலைச் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் கொட்டவிடாது தடுத்து, அன்றன்றே மாடு வைத்திருப்போருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்வாராயின், ஊரின் சுகாதாரமும் குடியானவர் வருவாயும் ஒருங்கே காக்கப்படும்.