மாயாவி எப்போது நல்லவன் ஆனான்?

இரும்புக்கை மாயாவி ஒரு வில்லன். இப்படிச் சொன்னால் ஐம்பதைத் தாண்டிய காமிக்ஸ் வாசகர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர், "ஆமாம், ஆரம்பத்துல அப்படித்தான்" என்று தலையாட்டுவார்கள். இரண்டு கட்சியும் சொல்வது சரிதான்.

1962 அக்டோபரில் இங்கிலாந்தில் 'வாலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே லூயிஸ் கிராண்டேல், அதாவது நம் மாயாவி, அறிமுகமானான். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோகிறது, இரும்புக்கை மட்டும் தெரிகிறது. அப்படியொரு சக்தி கிடைத்ததும் அவன் ஊரைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, கொள்ளையடிக்கக் கிளம்பினான். எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையில் அவர் போட்ட இருட்டு அந்தக் கதைக்கு அவ்வளவு பொருத்தம்.

வில்லனை வைத்து வாரக்கணக்கில் கதை ஓட்டுவது சிரமம். அதனால், மின்னதிர்ச்சி அவன் புத்தியையும் பாதித்திருந்தது என்று ஒரு காரணம் வந்தது. பிறகு டாம் டல்லி எழுத, கிராண்டேல் 'நிழற்படை' என்ற உளவு அமைப்பின் ஏஜென்ட் ஆனான். வெறும் இரும்பாக இருந்த கைக்குள் துப்பாக்கி முதலான கருவிகள் குடியேறின. 1966இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்து, உடையணிந்த வீரர்களுக்கு மவுசு கூடியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நம்ம ஆளுக்கும் ஒரு சூப்பர் ஹீரோ உடை மாட்டிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அது கழற்றி வைக்கப்பட்டது. அப்படி ஒரு உடை இருந்ததையே பலரும் மறந்துவிட்டார்கள். ஒரே பெயர், ஒரே கை. ஆனால் கொள்ளைக்காரன், உளவாளி, உடையணிந்த வீரன் என்று மூன்று ஆட்கள்.

இங்கிலாந்துச் சிறுவனுக்கு இது வாரா வாரம் வரிசையாக நடந்த மாற்றம். நமக்கு அந்த வரிசையே கிடைக்கவில்லை. 1972இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். வாலியன்ட் வார இதழில் தொடராக வந்தவையும், ஃப்ளீட்வே நிறுவனம் தனிப் புத்தகமாகப் போட்டவையும் கலந்து வந்தன. 'பாம்புத் தீவு', 'இமயத்தில் மாயாவி', 'கொள்ளைக்கார மாயாவி', 'யார் அந்த மாயாவி' என்று கடையில் எது தொங்கியதோ அதுதான் அடுத்த கதை.

சென்னைப் பாடியில் நாங்கள் வாங்கியது புதுப் புத்தகம்கூட இல்லை. நாலணா வாடகைக்கு வரும் புத்தகத்துக்கு அட்டை இருக்காது, கடைசித் தாளும் இருக்காது. எந்த வருடத்து இதழ் என்று சொல்ல அதில் ஒரு அடையாளமும் மிஞ்சியிருக்காது. ஒருவன் கையில் இருந்த புத்தகத்தில் மாயாவி போலீசுக்கு உதவுவான், இன்னொருவன் கையில் இருந்ததில் போலீஸ் அவனைத் துரத்தும். அந்தப் பக்கம் லூகாஸ் டிவிஎஸ், இந்தப் பக்கம் பிரிட்டானியா என்று தெருவில் பாதி வீட்டில் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு காயில் சுற்றும் பிரிவில் இருந்த சித்தப்பா ஒருவர், மாயாவி பிளக்கில் விரலை விடும் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "டேய், ஷாக் அடிச்சா ஆளு மறைய மாட்டான்டா, மார்ச்சுவரிக்குத்தான் போவான்" என்றார். அவருக்கு உறுத்தியது அது ஒன்றுதான். மாயாவி நல்லவனா கெட்டவனா என்பதை நாங்களே பேசித் தீர்த்துக்கொண்டோம்: கெட்டவன் போல நடிக்கிறான், உளவு வேலை!

அமெரிக்காவில் இப்படித் தீர்த்துவைப்பதையே சம்பளத்துக்குச் செய்கிறார்கள். முன்பு வந்த கதைக்குப் பிறகு வேறு அர்த்தம் கொடுத்து ஒட்டவைக்கும் இந்த வேலையை ரசிகர்கள் 'ரெட்கான்' என்பார்கள். நல்ல உதாரணம் கேப்டன் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பனியில் உறைந்த அவனைக் கண்டெடுத்ததாக 1964இல் 'அவெஞ்சர்ஸ்' 4ஆம் இதழ் சொன்னது. ஆனால் 1953-54இல் இதே கேப்டன் அமெரிக்கா கம்யூனிஸ்டுகளைப் புரட்டி எடுக்கும் கதைகள் அச்சாகி, விற்காமல் நின்றுபோயிருந்தன. பனிக்கட்டிக்குள் கிடந்தவன் எப்படிக் கம்யூனிஸ்டை அடித்தான்? மார்வெல் எட்டு வருடம் கண்டுகொள்ளவில்லை. 1972இல் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் விடை எழுதினார்: 1950களில் வந்தவன் வேறு ஆள், கேப்டன் மேல் கொண்ட வெறியில் முகத்தையே அறுவை செய்து மாற்றிக்கொண்டவன். அந்தப் போலியை அசல் கேப்டனோடு மோதவும் விட்டார். தப்பை மறைக்கக் கிளம்பி, தப்பில்லாத பல கதைகளைவிட நல்ல கதையாக முடிந்தது அது.

பேட்மேன் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியைத் தொடாதவன், கொல்லாதவன் என்று பெயர் வாங்கிய பேட்மேன், 1940இல் வந்த தன் முதல் தனி இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியைச் சுடுகிறான். அதன் பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் துப்பாக்கிக்குத் தடை போட்டார். பழைய பக்கம் மெல்ல மறக்கப்பட்டது. டிசி நிறுவனத்தில் முரண்கள் தலைக்கு மேல் போனபோது, 1985-86இல் பன்னிரண்டு இதழ்களில் பல பிரபஞ்சங்களை ஒட்டுமொத்தமாக அழித்துக் கணக்கை முடித்தார்கள். எனக்கு அது அராஜகமாகத்தான் படுகிறது. பிடிக்காத கதையைப் படிக்காமல் விடலாம். நடக்கவேயில்லை என்று ஆணை போடுவது அதிகம்.

நம் பக்கம் அப்படி யாரும் ஆணை போட்டதில்லை. வியாசர் பாரதத்தில் அல்லி என்று ஒருத்தி கிடையாது. ஆனால் மதுரையை ஆண்ட அல்லியிடம் அர்ச்சுனன் படாத பாடு பட்ட கதை 'பெரிய எழுத்து'ப் புத்தகமாகவும் நாடகமாகவும் ஓடு ஓடென்று ஓடியது. ரெட்கானுக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. மயில்ராவணன் கதையில் பாதாளக் கோட்டையைக் காவல் காக்கும் மச்சவல்லபன் அனுமனின் மகன். அனுமன் பிரம்மச்சாரி ஆயிற்றே? கடலைத் தாண்டும்போது விழுந்த வியர்வையை மீன் விழுங்கியது, பிள்ளை பிறந்தது. விரதமும் காப்பாற்றப்பட்டது, சண்டைக்கு ஒரு மகனும் கிடைத்தான். எங்கில்ஹார்ட் கேட்டிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

முரண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல, தொழில்முறைதான். பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரே பெரும்பாலும் போடமாட்டார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குவார். படிக்கும் சிறுவர்கள் சில வருடங்களில் வளர்ந்து போய்விடுவார்கள், பழசை யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்பது பதிப்பாளர் கணக்கு. பின்னாளில் லயன் காமிக்ஸ் வழியாக நமக்கு வந்த ஸ்பைடரும் இந்தக் கணக்கில் பிறந்தவன்தான். 1965இல் குற்ற உலகின் சக்கரவர்த்தியாகும் வெறியோடு அறிமுகமானவன், சில காலத்தில் குற்றவாளிகளைப் பிடிக்கும் ஆளாகிவிட்டான். டெட் கோவன் தொடங்கிய அவனைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்.

கடல் தாண்டும்போது சேரும் முரண் தனி. வேதாளத்தை, அதாவது ஃபேன்டமை, இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் இங்கே வெளியிடத் தொடங்கியபோது, கடற்கொள்ளையர்களான 'சிங்' கூட்டம் 'சிங்கா' கூட்டமானது. அவனுடைய நாடான பெங்காலா 'டெங்காலி' ஆனது. இந்திய வாசகர் மனம் கோணக் கூடாதே! மூலத்திலேயே அந்த நாடு ஆசியப் பக்கம் தொடங்கி, வருடங்கள் போகப் போக ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது. காட்டில் புலியும் சிங்கமும் ஒன்றாக உலவுவதற்கு ஒரு காரணம் இந்த இடமாற்றம். பிற்பாடு ராணி காமிக்ஸ் அதே ஆளுக்கு 'மாயாவி' என்று பெயர் வைத்தது. அதற்கப்புறம் வாடகைக்கு மாயாவி கேட்டால், "எந்த மாயாவி, கையா முகமூடியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்த முரண் இந்த முகமூடிக்காரனுடையதுதான். 1936 பிப்ரவரி 17 அன்று தினசரித் தொடர் தொடங்கியபோது, கதாநாயகி டயானாவைச் சுற்றிவரும் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன்தான் இரவில் முகமூடி போடுகிறான் என்று காட்ட, தொடரை எழுதிய லீ ஃபாக் திட்டமிட்டிருந்தார். அதற்கான குறிப்புகளையும் கட்டங்களில் தூவினார். கதை பாதி ஓடும்போது மனம் மாறி, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் வீரன் என்று ஆக்கிவிட்டார். தூவிய குறிப்புகள் அப்படியே கிடக்கின்றன. ஃபாக் 1999இல் சாகும்வரை ஃபேன்டம் எழுதினார். ஜிம்மி வெல்ஸ் பக்கம் மட்டும் திரும்பவில்லை.