எலும்புக்கு மாத்திரையா, கேழ்வரகா? பயத்தையும் பலனையும் ஒரே தராசில் வைப்போம்

“எலும்பு மாத்திரை போட்டா தாடை எலும்பு அழுகிடுமாம், உடனே நிறுத்துங்க!” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் போதும். அம்மாயி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடும். பதிலுக்கு விளம்பரத்தில் பார்த்த கால்சியம் டப்பா வீட்டுக்கு வரும். இல்லையென்றால், “தினமும் கேழ்வரகுக் கூழ் குடிச்சா சரியாயிடும்” என்று முடிவாகிவிடும்.

அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. தாடை எலும்பு பாதிப்பு இந்த மருந்துகளின் உண்மையான பக்க விளைவுதான். ஆனால் அது எத்தனை பேருக்கு வருகிறது? மருந்தை விட்டால் எத்தனை பேருக்கு எலும்பு முறிகிறது? இந்த இரண்டு எண்களையும் அந்தச் செய்தி சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு எடுப்பதுதான் சரி.

எது எலும்புப்புரை?

நம் ஊரில் “எலும்பு தேய்மானம்” என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தை. அதில் முழங்கால் வலிக்கும், வீங்கும். ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை வேறு நோய். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து அது பலமிழந்து போகிறது. முறியும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது. முதுகெலும்பு நசுங்கி முறிவதுகூட சிலருக்குத் தெரியாமலே நடந்துவிடும். உயரம் குறைவது, கூன் விழுவது, திடீர் முதுகுவலி ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

இதை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் வரும் டி ஸ்கோர் மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல நடமாட்டத்துடன் இருந்த, 50 வயது கடந்த 150 பெண்களைப் பரிசோதித்தார்கள். சரிபாதிப் பேருக்கு ஏதாவது ஒரு இடத்தில் எலும்புப்புரை இருந்தது.

டெல்டாவில் இதை ஏன் கவனிக்க வேண்டும் என்றால், இங்கே வழுக்கி விழ இடம் நிறைய. நடவு காலத்து ஈர வரப்பு, பாசி படிந்த படித்துறை, சேறான கொல்லைப்புறம், இரவில் குளியலறை. வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அது கை முறிவதைப் போன்றதல்ல. உலக அளவில் அப்படி முறிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலரால் பழையபடி தனியாக நடமாட முடிவதில்லை.

சாப்பாடு: அரிசியில் குறையும் சத்து

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி.யும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. நெல் விளையும் பூமியில் மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று போகிறது. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் அதிலிருந்து கிடைப்பது 30 மி.கி. கால்சியத்துக்குள்தான். அதனால் சோற்றோடு என்ன சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோராயமாக ஒரு கணக்கு:

பால், தயிர், மோருக்கான பால் சேர்த்து 400 மி.லி.: 480 மி.கி.
கேழ்வரகு மாவு 50 கிராம்: 175 மி.கி.
முருங்கைக்கீரை 50 கிராம்: 150 மி.கி.
எள் 10 கிராம் (ஓர் எள்ளுருண்டை அல்லது இட்லிப் பொடியில்): 130 மி.கி.

இதற்கே 900 மி.கி.க்கு மேல் வந்துவிடுகிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்ற சிறு மீன்களும், பருப்பும், மற்ற கீரைகளும் மீதியை நிரப்பும். கேழ்வரகு, எள், கீரை ஆகியவற்றில் உள்ள கால்சியம் முழுதும் உடலில் சேராது. கேழ்வரகை முளைகட்டினாலோ, கூழாகப் புளிக்கவைத்தாலோ அது கூடுதலாகச் சேரும். கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடிக்குத் துணையாக நிற்கும் அகத்தியின் கீரையிலும் கால்சியம் அதிகம். எப்போதாவது சாப்பிடுவதை வாரம் ஒரு முறையாக மாற்றலாம்.

“வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போடுறோமே, அது கால்சியம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். கூடவே போகும் பாக்கு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. வாய் கெட்டுப்போவது எலும்பு மருந்துக்கும் இடைஞ்சல். காரணம் கீழே வருகிறது.

பிரண்டைத் துவையல் நல்ல உணவு. ஆனால் அது எலும்பு முறிவைத் தடுக்கிறது என்று பெரிய ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை. மருந்துக்குப் பதிலாக அதை நம்பக் கூடாது.

சத்து மாத்திரை: எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் சுமார் ஏழு ஆண்டுகள் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தினமும் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு தெளிவாகக் குறையவில்லை. சொன்னபடி தவறாமல் சாப்பிட்டவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2022-இல் வெளியான, 25,871 பேர் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், வைட்டமின் டி மட்டும் தினமும் 2000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு முறிவு குறையவில்லை.

அப்போ சத்து மாத்திரையே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. 2006 ஆய்வில் இருந்த பெண்கள் சராசரியாக ஏற்கெனவே போதுமான கால்சியம் சாப்பிட்டவர்கள். நம் நிலை வேறு. தென்னிந்தியர்களிடம் உணவில் கால்சியம் குறைவாகவும், இவ்வளவு வெயிலிலும் வைட்டமின் டி குறைவாகவும் இருப்பதைத் திருப்பதி மருத்துவர்களின் 2007 ஆய்வு காட்டியது. குறை இருப்பவருக்குக் குறையை நிரப்பத்தான் சத்து மாத்திரை. அளவுக்கு மேல் போட்டால் எலும்பு இன்னும் கெட்டியாகிவிடாது.

மூன்று எச்சரிக்கைகள்:

1. டப்பாவில் “கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.” என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி. ஒரு வேளைக்கு அதற்கு மேல் உடல் சரியாக ஏற்காது. சாப்பாட்டோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

2. 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒன்று என்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுகிறது. தினமும் போடுவது ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்புவரை போகலாம்.

3. மூட்டுவலிக்கு என்று பெயர், உரிமம் எதுவும் இல்லாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. வலி சட்டென்று குறையும். எலும்பு இன்னும் பலவீனமாகும்.

மருந்தின் பலன்: எண்களில்

அதிகம் எழுதப்படும் மருந்து அலென்ட்ரோனேட், வாரம் ஒரு மாத்திரை. முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்த 2,027 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டு 1996-இல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டு முடிவில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 15 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு; மருந்து சாப்பிட்ட 100 பேரில் 8 பேருக்கு. இடுப்பு எலும்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உணவில் கால்சியம் குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிடாதவர்களிலும் பெரும்பாலோர் சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். அதாவது, இந்த வித்தியாசம் சத்து மாத்திரைக்கு மேல் மருந்து தந்த கூடுதல் பலன்.

பக்க விளைவு: அதுவும் எண்களில்

தாடை எலும்புப் பாதிப்பு: எலும்புப்புரைக்குத் தரும் அளவில், ஒரு லட்சம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் சுமார் 1 முதல் 10 பேருக்கு வரலாம். புற்றுநோயாளிகளுக்கு இதே வகை மருந்து பல மடங்கு அதிக அளவில் தரப்படுவதால் அவர்களிடம் இது கூடுதல். பல் பிடுங்கிய பிறகுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. எனவே மருந்து தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே பிடுங்கிவிடுவது நல்லது. சொத்தைப் பல், புண்ணான ஈறு ஆகியவற்றை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வெற்றிலை, சீவல், புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு: பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடுபவர்களிடம் கூடுகிறது. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் என்று கலிபோர்னியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வின் கணக்கு: 10,000 ஆசியப் பெண்கள் மூன்று ஆண்டு மருந்து சாப்பிட்டால் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன, இந்த மாறான முறிவு 8 பேருக்கு வருகிறது. தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சல், உணவுக்குழாய்ப் புண்: இதுதான் அடிக்கடி வரும் தொல்லை. பெரும்பாலும் போடும் முறையால் வருவது. காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, 30 நிமிடம் படுக்காமல் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். அதுவரை காபியும் கூடாது. டிகிரி காபியோடு போட்டால் மருந்து உடலில் சேர்வது பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

ஊசிகள்: ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஜோலெட்ரோனிக் அமிலத்துக்குப் பின் மூன்று நாள் வரை காய்ச்சல், உடல்வலி வரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை நீங்களாகவே நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் ஆபத்து இருக்கிறது. நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற மருத்துவரிடம் திட்டம் கேளுங்கள்.

அப்போ யாருக்கு எது?

லேசாக விழுந்ததிலேயே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்கள், டி ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே உள்ளவர்கள்: சாப்பாடும் சத்து மாத்திரையும் அடித்தளம் மட்டுமே. மருந்தை விடுவதால் வரும் ஆபத்து, மருந்தால் வரும் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது.

டி ஸ்கோர் மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் இடையில், முறிவு எதுவும் இல்லாதவர்கள்: பலருக்கு உணவு, நடை, புகையிலையை விடுதல், விழாமல் காத்தல் இவையே போதும். ஸ்டீராய்டு நீண்ட நாள் சாப்பிடுபவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்தவர்கள் போன்றோர் மருந்து பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள்: மாத்திரை என்றால் ஐந்து ஆண்டு, ஆண்டு ஊசி என்றால் மூன்று ஆண்டு கழித்து “இனியும் தொடரணுமா, இடைவெளி விடலாமா?” என்று கேளுங்கள். ஆபத்து குறைந்தவர்களுக்கு இடைவெளி கொடுப்பது வழக்கம்தான்.

கைபேசியில் என்ன செய்யலாம்?

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண ஈ-சஞ்சீவனி செயலி. நேரில் போக ஆரம்ப சுகாதார நிலையம்; அங்கிருந்து தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

1800 425 3993: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை என்றால், அனுமதி ஆகுமுன் இந்த எண்ணில் கேளுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம்: படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பதிவு செய்யலாம்.

1800 180 3024: எந்த மருந்தின் பக்க விளைவையும் நீங்களே தெரிவிக்கும் தேசிய எண். வாட்ஸ்அப்பில் பகிர்வதைவிட இங்கே சொன்னால் அது கணக்கில் ஏறும்.

ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலி: சத்துப் பொடி, டப்பாக்களில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைச் சரிபார்க்கவும் புகார் செய்யவும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கைபேசியில் எழுதிக்கொண்டு போங்கள். என் டி ஸ்கோர் எவ்வளவு? மருந்து இல்லாமல் எனக்கு முறிவு வர எவ்வளவு வாய்ப்பு? எத்தனை ஆண்டு சாப்பிடணும்? பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகு மாத்திரையைத் தொடர்வதா விடுவதா என்று அவரோடு சேர்ந்தே முடிவெடுங்கள். அதுவரை அட்டையை அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள்.