உதிரிபாகம் வரும் வரை

கரீபியன் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பும் பாய்மரப் படகுக்காரர்களுக்கு நேர்வழி கிடையாது. கிழக்கே திரும்பினால் எதிர்க்காற்று முகத்தில் அறையும். அதனால் முதலில் வடக்கே, பெர்முடா பக்கமாக ஏறுவார்கள். அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து ஓடினால், கரீபியனை விட்டு இரண்டு மூன்று வாரத்தில் அட்லாண்டிக்கின் நடுவில் அசோர்ஸ் தீவுகள் தென்படும். போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவுகள்தான். ஆனால் லிஸ்பன் அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். அவற்றில் ஒன்றான ஃபையால் தீவின் ஓர்ட்டா துறையில்தான் பெரும்பாலோர் வந்து கயிறு கட்டுகிறார்கள்.

ஜூன் முதல் தேதி சூறாவளிப் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் தப்ப வேண்டுமென்று ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் எல்லோரும் கிளம்புகிறார்கள். எல்லாப் படகும் ஒரே சமயத்தில் வருவதால் எல்லாப் பழுதும் ஒரே சமயத்தில் வந்து சேர்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கும். பாயின் தையல் விட்டிருக்கும். சுக்கான் ஆட்டம் கண்டிருக்கும். தானாகப் படகைச் செலுத்தும் கருவி நடுக்கடலில் உயிரை விட்டிருக்கும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் தேடுகிறவர்களின் கதிதான் மே மாதத்து ஓர்ட்டாவில் மெக்கானிக்கைத் தேடுகிறவர்களுக்கும்.

இந்த ஊருக்குப் பழுதுபட்ட கலங்கள் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்தவை அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள். 1806 முதல் 1892 வரை தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக டாப்னி குடும்பம் இங்கே அமெரிக்கத் துணைத் தூதர் (கான்சல்) பதவியை வகித்தது. தூதர் வேலை ஒரு பக்கம், வியாபாரம் இன்னொரு பக்கம். கப்பலுக்கு வேண்டிய தண்ணீர், காய்கறி, மாமிசம் கொடுப்பது, எண்ணெய்ப் பீப்பாய்களை வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புவது, உடைந்ததைச் சரிசெய்ய ஆள் பிடித்துத் தருவது எல்லாம் அவர்கள் கையில். அப்போது அலைதடுப்புச் சுவர்கூட இல்லை. அதைக் கட்டத் தொடங்கியதே 1876இல்தான். திறந்த கடலில் நங்கூரமிட்டு, காற்று திசை மாறினால் பாதி வேலையில் கப்பலைக் கிளப்பிக்கொண்டு ஓடவும் தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் கப்பல் எதனால் ஆனது என்று பார்த்தால் அன்றைய காத்திருப்பின் தன்மை புரியும். மரம், சணல் கயிறு, துணிப் பாய், இரும்பு, தார். இவற்றில் தீவின் தச்சனுக்கோ கொல்லனுக்கோ அந்நியமானது ஒன்றுமில்லை. பலகை இடுக்கில் ஒழுகினால் கலப்பத்துப் பார்ப்பார்கள்: பழைய நாரை நோண்டி எடுத்துவிட்டு, புதிய நாரை உளியும் சுத்தியுமாக இறுக்கி அடித்து, மேலே காய்ச்சிய கீலை ஊற்றுவது. நம் கடற்கரையில் படகு கட்டும் ஓடாவிகள் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும் வேலை. கேப்டன் பக்கத்தில் நின்று பார்க்கலாம், திட்டலாம், அவசரப்படுத்தலாம். வேலை எத்தனை நாளோ, அத்தனை நாள் காத்திருப்பு. மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் மட்டும்தான் அடுத்த கப்பலை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்.

1895 ஜூலையில் ஓர்ட்டாவுக்கு வந்தவர் ஜோஷ்வா ஸ்லோகம். தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய ‘ஸ்ப்ரே’ படகு அமெரிக்காவின் ஃபேர்ஹேவனில் வயல்வெளியில் மக்கிக் கிடந்தது. அதைப் பலகை பலகையாக 13 மாதத்தில் அவரே புதுப்பித்தார். பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். ஓர்ட்டாவில் அவருக்குப் பழுது ஒன்றும் இல்லை, கிடைத்த பிளம் பழங்களையும் பாலாடைக்கட்டியையும் ஏற்றிக்கொண்டு நாலு நாளில் கிளம்பிவிட்டார். (இரண்டையும் சேர்த்துத் தின்று நடுக்கடலில் வயிற்றுவலியில் சுருண்டது வேறு கதை.) பிறகு பியூனஸ் அயர்ஸில், எதிரே இருக்கும் தென்முனைக் காற்றுக்குப் பாய்மரம் அதிக உயரம் என்று தோன்றியபோது, மரத்தைக் கழற்றி ஏழு அடி வெட்டிக் குறைத்தார். இன்று அலுமினியத்திலோ கார்பன் இழையிலோ செய்த பாய்மரத்தில் இப்படி யாராவது ரம்பத்தை வைத்தால் இன்ஷூரன்ஸ்காரருக்கு மயக்கமே வரும்.

1893இல் கடலடித் தந்திக் கம்பி ஓர்ட்டாவில் கரையேறியது. பிரிட்டிஷ், ஜெர்மன், அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. 1969இல் கடைசிக் கம்பெனி மூட்டை கட்டும்வரை அட்லாண்டிக்கின் செய்திகள் இந்தச் சின்ன ஊரின் வழியே ஓடின. தந்தியில் சொல் போகும். சாமான் கப்பலில்தான் வரும். இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் பீட்டர் கஃபே ஸ்போர்ட் என்ற நீல நிறக் கடை. 1918இல் என்ரிக் அசெவெடோ திறந்தது. அவர் மகன் ஜோசேவைப் பார்த்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ‘நீ என் மகன் பீட்டர் மாதிரியே இருக்கிறாய்’ என்று அப்படியே கூப்பிட, அந்தப் பெயர் கடைக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் என்னவோ கஃபே; தபாலாபீஸ், பணம் மாற்றுமிடம், விசாரணை அலுவலகம் எல்லாம் அதுவே. படகின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதி அனுப்பினால் கடிதம் அங்கே பத்திரமாகக் காத்திருக்கும்.

அறுபது எழுபதுகளில் இங்கே ஒரு பாகத்துக்காகக் காத்திருப்பது எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் உள்ள கம்பெனிக்குக் கடிதம். ‘எந்த அளவு, எந்த மாடல்?’ என்று பதில். அதற்கு மறுபதில். பிறகு பணம். பிறகு பொட்டலம். ஃபையாலுக்கு விமான நிலையம் வந்ததே 1971இல். ஒவ்வொரு சுற்றுக்கும் வாரக்கணக்கு. அதற்குள் கையில் இருப்பதை வைத்து ஏதாவது செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். பாதி நேரம் அந்த ஒட்டுவேலையிலேயே ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஒட்டுவேலைக்கு அந்தத் தலைமுறையின் படகுகளும் இடம் கொடுத்தன. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. 1968இல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றக் கிளம்பிய அந்தப் படகு அட்லாண்டிக்கிலேயே ஒழுகத் தொடங்கியது. அவர் தண்ணீருக்குள் மூழ்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே துணிப்பட்டையைச் செப்பு ஆணியால் அறைந்தார். படகு 1969இல் ஊர் திரும்பியது.

ஓர்ட்டாவில் முறையான மெரினா 1986இல் திறக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் வருகின்றன. 2019 அக்டோபரில் லோரென்சோ சூறாவளி மேற்குக் கோடியில் உள்ள ஃப்ளோரஸ் தீவின் துறைமுகத்தை நொறுக்கிவிட்டதால், அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தவர்களும் நேரே இங்கேதான் வர நேர்ந்தது. இடம் போதாமல் சுவரோரம் ஒன்றோடொன்று ஒட்டி நாலைந்து படகுகளைக் கட்டுகிறார்கள். கரைக்குப் போக அடுத்தவர் படகின் தளத்தை மிதித்துத்தான் போக வேண்டும். அதனால் யாருக்கு எது உடைந்தது, எந்த உதிரிபாகப் பெட்டி எங்கே நிற்கிறது என்பது அந்த வரிசை முழுவதற்கும் தெரியும்.

பெட்டி எங்கே நிற்கிறது என்பது இன்றைய காத்திருப்பின் மையம். துருப்பிடிக்காத எஃகு வடம், சிப்பு பொருத்திய கருவிகள்: இவற்றில் எதையும் தீவிலுள்ள யாரும் செய்ய முடியாது, மாற்ற மட்டுமே முடியும். ஆர்டர் போட நாலு நிமிடம் போதும். பிறகு போனில் கண்காணிப்பு எண்ணைத் தட்டித் தட்டிப் பார்ப்பது. பெட்டி லிஸ்பன் வந்தது. லிஸ்பனில் இருக்கிறது. இன்னும் லிஸ்பனில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை என்றால் திங்கள் வரை பேச்சே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தால் சுங்கம். கடந்து செல்லும் படகுக்கான பாகம் என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் எழுதி, வரிவிலக்குக்கு ஏஜென்ட் பிடிக்க வேண்டும். பெரிய லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். அவை பழைய காலம்போலக் கப்பலில்தான் வரும். எல்லாம் சரியாக இருந்தாலும், ஃபையாலின் ஓடுபாதை குட்டை. காற்றும் மூடுபனியும் சேர்ந்தால் விமானம் வேறு தீவுக்குத் திரும்பிவிடும்.

அன்றைக்கு இல்லாத இன்னொன்று, தவணை. ஓர்ட்டாவில் எத்தனை மாதம் கிடந்தாய் என்று ஸ்லோகம் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று அசோர்ஸ், ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள். ஐரோப்பியரல்லாதவருக்கு 180 நாளில் 90 நாள்தான் கணக்கு; சுக்கான் தாங்கிக்காகக் காத்த நாளும் அதில் கழியும். படகுக்குத் தனிக் கணக்கு: வெளிநாட்டுப் படகு வரி கட்டாமல் 18 மாதம் இருக்கலாம். ஆக, படகுக்குக் கிடைக்கும் அவகாசம் அதன் சொந்தக்காரருக்குக் கிடையாது. நம்மூர்ப் பாஸ்போர்ட்டுடன் வருகிறவருக்கு விசாத் தேதியும் கூடவே ஓடும்.

வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. நூறாண்டுக்கு முன் புயலில் பாய்மரம் முறிந்த கப்பலில் இருப்பதைவிட இன்று அதே நிலையில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் காத்திருக்கிறவரின் கை சும்மா இருக்கிறது. பழுது பார்க்கும் அறிவு துறைமுகத்தை விட்டு எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஓர்ட்டாவின் சுவரிலும் தரையிலும் காணும் ஆயிரக்கணக்கான ஓவியங்களுக்கு இந்தச் சும்மா இருக்கும் கையும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம். தன் படகின் பெயரை வரையாமல் கிளம்பினால் கடலில் கெடுதல் வரும் என்பது நம்பிக்கை. சில ஓவியங்களில் இருக்கும் நுணுக்கத்தைப் பார்த்தால், வரைந்தவருக்கு நிறைய நேரம் இருந்தது தெரிகிறது.

2020 வசந்தத்தில் அந்த வேலைக்கும் வழியில்லாமல் போனது. கொரோனாவால் யாரையும் கரையிறங்க விடவில்லை. டீசலும் ரொட்டியும் படகுக்கே வந்தன, ஆட்கள் தண்ணீரிலேயே கிடந்தார்கள்.

திமிங்கிலக் கப்பல் நாட்களில் கேப்டனுக்குப் பெரிய கவலை, பழுது முடிவதற்குள் ஆட்கள் தீவுக்குள் ஓடிவிடுவது. அந்த இடத்துக்கு, கட்டாயப் படைச் சேவைக்குப் பயந்த ஃபையால் இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறுவார்கள். அமெரிக்காவில் அசோர்ஸ் மக்கள் பெருகியதில் இதற்கும் பங்குண்டு. இப்போது ஆட்கள் ஓடுவதில்லை, லீவு முடிந்து முறையாக விடைபெற்று விமானம் ஏறுகிறார்கள். தனியே மிஞ்சும் படகுக்காரர் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போடுகிறார்: இரவுக் காவலுக்கு ஆள் தேவை, சமைக்கத் தெரிந்தால் நல்லது, வாந்தி எடுக்காதவராக இருந்தால் மிக நல்லது. புறப்படும் தேதியை மட்டும் அவரால் சொல்ல முடியாது. அது லிஸ்பனில் இருக்கிறது.