ஒரு தொட்டிக்கு ஒரு ஃபைட்டர்
கடையில் வண்ண மீன்களும் வைத்து விற்கும் நம் உறுப்பினர்களின் கவனத்திற்கு ஒரு வார்த்தை.

தாய்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஃபைட்டர் மீனில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடக்கூடாது. சண்டையில் துடுப்பு கிழியும். காயம் புண்ணாகி மீன் செத்துப்போகும். "ஜோடியாகக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். முட்டையிட்டு முடிந்ததும், முட்டைகளைக் காக்கும் ஆண் மீன் பெண்ணைத் துரத்திக் கடிக்கும்.

இது நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால்தான் தனித்தனி பாட்டில்களில் வைத்து விற்கிறோம். பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகினால், ஒன்றையொன்று பார்த்து முறைத்துச் சோர்ந்துபோகாது. பாட்டில் கடை இருப்புக்கு மட்டுமே. வீட்டில் பெரிய தொட்டி வேண்டும் என்பதையும் சொல்லியே விற்போம்.

கூடுதலாக ஒரு மீன் விற்ற லாபத்தைவிட, திரும்பி வரும் வாடிக்கையாளரே நமக்குப் பெரிது.