நுனி விரலில் நிற்க என்ன வயசு?

மூணு வயசு வாண்டுக்கு பிங்க் ஃப்ராக் மாட்டி, பாலே கிளாஸில் கொண்டுபோய் விடும் அம்மா, அப்பாக்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனா, அந்த வயசில் அங்கே நடப்பது பாலே இல்லை மக்களே! மியூஸிக் போட்டால் குதிப்பது, பட்டாம்பூச்சி மாதிரி ஓடுவது, வரிசையில் நிற்கப் பழகுவது... அவ்வளவுதான். ஜாலியான விஷயம், தப்பே இல்லை. 'இப்பவே சேர்க்கலைன்னா லேட்டாயிடும்' என்று யாராவது பயமுறுத்தினால் மட்டும் நம்பாதீர்கள்.

ரஷ்யாவைப் பாருங்கள். 1738-ல் தொடங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாகனோவா அகாடமிதான் பாலே உலகத்தின் ஐ.ஐ.டி! அங்கேயே சுமார் 10 வயசில்தான் அட்மிஷன். 'எத்தனை ஸ்டெப் தெரியும்?' என்பதைவிட, இடுப்பு எவ்வளவு திரும்புது, பாதம் எப்படி வளையுது, தாளம் பிடிபடுதா என்றுதான் பார்க்கிறார்கள். பின்னாளில் உலகையே மயக்கிய அன்னா பாவ்லோவாவை, 'ரொம்பச் சின்னப் பொண்ணு' என்று முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டு, 1891-ல் சேர்த்துக்கொண்டது இதே பள்ளிதான்.

இடுப்பில் அப்படி என்ன விசேஷம்? பாலேயில் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி நிற்கணும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரணும். வராத குழந்தையை வற்புறுத்தினால், அது முட்டியையும் கணுக்காலையும் முறுக்கிச் சமாளிக்கும். பிறகு வலிதான்!

நிஜமான வில்லங்கம் பாயின்ட் ஷூ. துணி, காகிதம், பசை என்று அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய முனை. அதில் ஏறி நின்றால், மொத்த உடம்பு வெயிட்டும் விரல் நுனியில் இறங்கும். குழந்தைகளின் பாத எலும்புகளில் இன்னும் வளர்கிற குருத்தெலும்பு இருக்கும். அது கெட்டியாவது டீன் ஏஜில்தான். அதனால் '12 வயசுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்' என்பது டான்ஸ் மருத்துவ நிபுணர்களின் அட்வைஸ். அதற்காக 12-வது பர்த்டே கேக் வெட்டிய கையோடு ஷூ வாங்கக் கிளம்பிடாதீங்க. சில வருஷப் பயிற்சியும், கணுக்கால், வயிற்றுத் தசைகளில் வலுவும் சேர்ந்திருக்கணும். ஏழு வயசுப் பிள்ளையை பாயின்ட் ஷூவில் நிறுத்தி போட்டோ எடுக்கிற மாஸ்டரிடமிருந்து எஸ்கேப் ஆவதே உத்தமம்!

லேட்டாக வந்து கலக்கியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிஸ்டி கோப்லாண்ட் முதல் பாலே பாடம் படித்தது 13 வயசில், ஒரு பாஸ்கெட்பால் கோர்ட்டில்! 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரில் பிரின்சிபல் டான்ஸர் ஆன முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ருடால்ஃப் நூரியேவ் 1955-ல் லெனின்கிராட் பள்ளிக்குள் நுழைந்தபோது வயசு 17. ஆனா, ஊரில் ஏற்கெனவே ஆடிப் பழகிவிட்டுத்தான் வந்தார் என்பதையும் சொல்லணும். நம்ம ருக்மிணி தேவி, பாவ்லோவா குழுவைச் சேர்ந்தவரிடம் பாலே கற்றது இருபதுகளில். 'உங்க நாட்டு நடனத்தைத் தேடுங்க' என்று பாவ்லோவா சொல்ல, பரதம் பக்கம் திரும்பி 1935-ல் மேடை ஏறியபோது அவருக்கு 31!

'அப்போ காலேஜ் படிக்கிற நான்?' என்கிறீர்களா? பெரிய கம்பெனியில் ஆடுகிற கனவுக்கு இது டூ லேட் பாஸ். ஆனா, லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரியவர்கள் முதல் தடவையாகக் கம்பியைப் பிடித்து நிற்கிற கிளாஸ்கள் சக்கைப்போடு போடுகின்றன. அங்கே பாயின்ட் ஷூ கட்டாயமில்லை. வார்ம்-அப் கட்டாயம்!